கோனையில் காலை, பழவேற்காட்டில் மாலை

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் போகும் சாலையில் வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். மேலே கயிறு போட்டுக் கட்டிய பாத்திர மூட்டை, உள்ளே மூன்று நான்கு குடும்பங்கள், ஜன்னலோரத்துக்குச் சண்டை பிடிக்கும் பிள்ளைகள், பின் சீட்டுக்கு அடியில் புளிசாதத் தூக்கும் தயிர்சாத வாளியும். ஏறியிருப்பவர்கள் உறவுக்காரர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரே கம்பெனி பஸ்ஸில் தினமும் சேர்ந்து போகிறவர்களாக இருப்பார்கள். அம்பத்தூர், காக்களூர், திருமழிசை, கும்மிடிப்பூண்டி என்று நாலா பக்கமும் ஷிஃப்டுக்குப் போய்வரும் ஊர் இது. அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் மகனுக்கு நைட் ஷிஃப்ட். ஒரே வீட்டில் இருப்பவர்கள் வாரம் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட முடியாத வீடுகள் இங்கே நிறைய.

அவர்களுடைய திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் மலை, மாலையில் கடல். எல்லை தாண்டி ஆந்திரத்தில் இருக்கும் கைலாசகோனையிலோ, உப்பலமடுகு என்று அங்கே சொல்லப்படும் தடா ஃபால்ஸிலோ குளித்துவிட்டு, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வந்து கடற்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புவது. சுற்றி வந்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைப்பது பேராசையாகப் படலாம். ஆனால் எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கும் அடுத்த நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜைக்கு வரலாம், பொங்கலுக்கு வரலாம். அதனால்தான் மலையையும் கடலையும் ஒரே நாளுக்குள் அடைக்கிறார்கள்.

திருநின்றவூர் பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாததால் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிச் சிவனுக்குக் கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர் அவர். காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்கு அதே நாளைக் குறித்திருந்த பல்லவ மன்னனிடம் சிவன் கனவில் வந்து, திருநின்றவூர் அன்பன் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, உன் நாளைத் தள்ளி வை என்று சொன்னதாகப் பெரியபுராணக் கதை. அவர் பெயரைச் சொல்லும் இருதயாலீசுவரர் கோயில் இன்றும் ஊரில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுப் பயணங்களும் வேன் பேசுவதற்கு மாதக்கணக்கில் முன்பே அப்படித்தான் மனசுக்குள் கட்டப்படுகின்றன. எந்த வாரம் ஓ.டி. வேண்டாம் என்று சொல்வது, யார் வீட்டில் புளிக்காய்ச்சல், மாமியாரை அருவிக்குக் கூட்டிப்போவதா கீழேயே உட்கார வைப்பதா என்பதெல்லாம் வண்டி கிளம்புவதற்கு வெகு முன்பே முடிவாகியிருக்கும். இவ்வளவு ஆசையோடு சேர்த்துவைத்த நாள் பத்திரமாகக் கழிய வேண்டாமா? இந்தக் கட்டுரை கேட்பது அந்த ஒன்றைத்தான்.

பெரியபாளையம் சாலை முதலில் கொசஸ்தலையாற்றைக் கடக்கிறது. அடுத்து பவானியம்மன் கோயிலும் அதன் அருகில் ஆரணியாறும். ஆடி மாதத்தில் வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் செலுத்த வரும் கூட்டத்துக்கு இந்த ஆற்றங்கரைதான் தங்கும் இடம், சமைக்கும் இடம் எல்லாம். மற்ற மாதங்களில் பாலத்துக்குக் கீழே மணலும் முள்ளும்தான் தெரியும், வண்டிகள் வேகத்தைக் குறைப்பதில்லை. ஊத்துக்கோட்டையை ஒட்டி, ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்கு வரும் கிருஷ்ணா கால்வாய். தமிழ்நாட்டுக்குள் அது நுழையும் இடத்தை ஜீரோ பாயிண்ட் என்பார்கள். 1996இல் முதல் தண்ணீர் வந்தபோது சென்னையே கொண்டாடியது. பிறகு ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி, ஆலகால விஷம் உண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலைசாய்த்துப் படுத்திருக்கும் பள்ளிகொண்டீசுவரர் கோயில். அதுவும் ஆரணியாற்றின் கரைதான். நாகலாபுரம், பிச்சாட்டூர் அணை என்று மேற்கே போகப் போக அதே ஆறுதான் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது. கர்வேட்டிநகரம், நாராயணவனம் பக்கத்து மலைகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே இறங்கி, பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி கடந்து பழவேற்காடு ஏரியில் கலக்கும் ஆறு அது. மலையும் கடலும் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஓர் ஆற்றின் கூடவேதான் பயணம் செய்கிறார்கள்.

கோனைகள் அந்த மலைகளின் இடுக்குகள். நகரி மலையென்று நம் பக்கத்தவர் பொதுவாகச் சொல்லும் இந்தத் தொடரின் பாறை குவார்ட்ஸைட், அதாவது பழங்கால மணல் இறுகி, பிறகு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இரும்புபோலக் கெட்டிப்பட்டது. இத்தகைய கல்லில் தண்ணீர் அகலமான பள்ளத்தாக்கைச் சீக்கிரம் வெட்டிவிடாது. வெடிப்பு எங்கே இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு நேர்கீழாக இறங்கும். அதனால் இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவே படிப்படியாகக் குட்டைகள், குட்டைக்குக் குட்டை ஒரு சிறு அருவி. தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிவதால் ஆழம் குறைவு என்று கண் ஏமாந்துபோகும்.

அந்தக் கூழாங்கற்களைப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்வார்கள். போடட்டும். இந்தக் கல்லுக்கு இந்த மாவட்டத்தில் பெரிய சரித்திரம் இருக்கிறது. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டெடுத்த கற்கோடாரிகள் குவார்ட்ஸைட்டில் செய்தவை. சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, அந்தக் கருவிகளில் பழையவற்றின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டது. ஆற்றோரம், உருண்ட கல், குடிக்கத் தண்ணீர் என்று தேடி இந்த நிலத்துக்கு மனிதர்கள் வரத் தொடங்கி அவ்வளவு காலமாகிறது. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. வேன்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது பெரிய நஷ்டம். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம் அது.

கோனையில் உயிர் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தடா ஃபால்ஸில் மூழ்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி வராத ஆண்டு அரிது. சென்னையிலிருந்து போன கல்லூரிப் பிள்ளைகள், ஷிஃப்ட் முடித்துவிட்டு நண்பர்களோடு கிளம்பிய இளைஞர்கள் என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். நடப்பது மூன்று வகை. பாசி படிந்த பாறையில் கால் வழுக்கித் தலையில் அடிபட்டு விழுவது ஒன்று. அருவி விழுந்து விழுந்து அடியில் குடைந்துவைத்திருக்கும் பள்ளத்தில், நீச்சல் தெரியாதவர் ஒரே ஓர் அடி தள்ளி வைத்ததும் நிலைகொள்ளாமல் போவது இன்னொன்று. அவரைப் பிடிக்க இறங்கும் தம்பியோ மச்சானோ சேர்ந்து மூழ்குவதும் இதில்தான் நடக்கிறது. மூன்றாவதுதான் மிகவும் கொடியது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையுச்சியில் மழை கொட்டியிருக்கும். மண் குறைந்த மொட்டைப் பாறைமலை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. பெய்தது அப்படியே ஓடிவந்து, அகலமில்லாத இடுக்கில் புகுந்ததும் சில நிமிடங்களில் முழங்கால் தண்ணீர் ஆள் மட்டத்துக்கு ஏறிவிடும்.

குற்றாலத்தில் ஆண்டாண்டாகப் பார்த்துப் பழகிய ஆபத்து இது. அப்படியும் 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது. ஆனால் குற்றாலத்தில் குறைந்தபட்சம் போலீஸ் நிற்கிறது, தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை விழுகிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. ஒகேனக்கல் இன்னும் நல்ல உதாரணம். காவிரி பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் இடத்தில் மக்கள் பரிசலில் போகிறார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போகிறார்கள். கர்நாடகத்திலிருந்து எத்தனை கனஅடி வருகிறது என்பதை மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. அந்த அளவு கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்துகிறது, குளிப்பதை நிறுத்துகிறது. தொலைக்காட்சியில் ஓடும் வரியைப் பார்த்துவிட்டு மக்களும் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். தண்ணீரை அளப்பது, அளந்ததைச் சொல்வது, சொன்னபடி நிறுத்துவது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபத்தான இடத்தைக்கூடக் குடும்பம் போகும் இடமாக்கிவிடலாம் என்பதற்கு ஒகேனக்கல் சாட்சி.

நாகலாபுரம் மலையின் கோனைகளில் அப்படி ஓர் ஏற்பாடு அமையாமல் போனதற்கு எல்லைக்கோடும் ஒரு காரணம். காடு ஆந்திர வனத்துறையுடையது, இப்போது திருப்பதி மாவட்டத்தில் வருகிறது. குளிக்க வருகிறவர்களில் பெரும்பங்கு சென்னை, திருவள்ளூர்க்காரர்கள். எச்சரிக்கை வைக்க வேண்டியது ஓர் அரசு, அது யாருக்குப் போய்ச்சேர வேண்டுமோ அவர்கள் இன்னோர் அரசின் மக்கள். விபத்து நடந்தால் அருவியைச் சில காலம் மூடுவார்கள், பிறகு திறப்பார்கள். மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை அத்தனை தூரம் போய் கேட்டருகே நின்றால்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. பிள்ளைகளோடு அவ்வளவு தொலைவு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் வேறு ஓடையைத் தேடிப்போகிறார்கள். கேட்டில்லாத, ஆளில்லாத ஓடைகள் இன்னும் ஆபத்தானவை.

மதியச் சாப்பாடு முடிந்து வேன் கிழக்கே திரும்புகிறது. பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று ஆறு போன வழியேதான் சாலையும் போகிறது. ஆற்றங்கரையில் குடும்பத்தோடு ஒரு நாள் கழிப்பது தமிழர்களுக்குப் புதிதாக வந்த பழக்கம் இல்லை. ஆடிப்பெருக்கு அதற்காகவே இருக்கும் நாள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் கட்டிக்கொண்டு புதுப்புனல் பார்க்கப் போவது காவிரிக் கரையில் இன்றும் நடக்கிறது. தொண்டை மண்டலத்து ஆறுகளுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. வடகிழக்குப் பருவமழையில் ஊரை மிரட்டுமளவு பெருகி, தை பிறந்ததும் மணலாகிவிடும் ஆறுகள் இவை. ஆரணியாறு கரை உடைத்தால் பொன்னேரிக்கு அப்பால் ஆண்டார்மடம் போன்ற ஊர்கள் தண்ணீரில் தனித்துப்போகும். மற்ற நாட்களில் அதே ஆற்றில் பிள்ளைகள் கால் நனைக்க ஒரு படித்துறை தேடினாலும் கிடைப்பது அபூர்வம். வீட்டருகே ஓடும் ஆறு இறங்கத் தகுந்ததாக இல்லாததால்தான், திருவள்ளூர் மாவட்டத்துக் குடும்பங்கள் தண்ணீரைத் தேடி அதன் தலைக்கும் வாலுக்கும் ஓடுகின்றன.

வால்முனையில் பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். துணி போனது, பஞ்ச காலங்களில் அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டுப் போனார்கள். கோட்டை இருந்த இடம் இன்று புதர். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நன்றாக இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பிள்ளைகள் விட்டுவிட்டு வர மாட்டார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள். ஏரியை எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போட்டு மீன் பிடிக்கலாம் என்று தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு மீனவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம், அதற்கப்பால் திறந்த கடற்கரை.

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில், கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர்கள் கூடி இங்கே வந்தார்கள். மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறினார்கள். பெண்கள், பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் ஒரே படகில். முகத்துவாரப் பக்கம் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் என்று இந்தக் கட்டுரை தொடக்கத்தில் சொன்னது இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைத்தான். சாப்பாடு கட்டிக்கொண்டு, நாள் பார்த்து, ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வந்தவர்கள். பதினைந்து ஆண்டுகள் நெருங்கினாலும் இந்தப் பகுதியில் பழவேற்காடு என்ற பேச்சு எடுத்தால் அந்த நாளைச் சொல்லாமல் முடிவதில்லை.

முகத்துவாரம் ஏன் அப்படி? ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. அலையும் கிடையாது. அதில் போகும் படகு தொட்டில்போல அசையாமல் போவதால் பயம் வராது. ஆனால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே தண்ணீர் போய்வர இருப்பது குறுகிய ஒரு வாய்தான். ஓதம் ஏறும்போது கடல் அதன் வழியே உள்ளே வருகிறது, வற்றும்போது அவ்வளவு பெரிய ஏரியின் தண்ணீர் அதே வழியே வெளியே இழுக்கிறது. வெளியே இழுக்கும் நீரோட்டமும் உள்ளே வரும் கடல் அலையும் மணல்திட்டின் மேல் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை திடீரென்று எழுந்து உடைகிறது. அந்த அலைக்குப் படகின் முகத்தைக் கொடுத்தால் தப்பலாம், பக்கவாட்டைக் கொடுத்தால் புரட்டிவிடும். தினமும் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது கைப்பாடம். அவர்கள் நான்கைந்து பேரோடும் வலையோடும் போகும் படகு அது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் அதில் ஏறி, பயந்து ஒரே பக்கம் சாய்ந்தால் எந்தத் திறமையும் உதவாது.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தபோதும் 22 பேர் இறந்தார்கள். அதிலும் ஒரே குடும்பத்தினர் பலர். அளவுக்கு மீறிய கூட்டம், உருமாற்றப்பட்ட மீன்பிடிப் படகு, மங்கும் பொழுது. 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதே ஆண்டில்தான் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. இப்படி இறப்பவர்களில் பிள்ளைகள் மிக அதிகம். இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதை அந்த நிறுவனமே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

2011க்குப் பிறகு பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. அன்று அது சரி. ஆனால் தடையோடு கடமை முடிந்ததாக விட்டுவிட்டது சரியில்லை. தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாகப் படகோட்டம் நடப்பதாகச் செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. திருட்டுத்தனமாகப் போகும் படகில் லைஃப் ஜாக்கெட் இருக்காது, எண்ணிக்கை இருக்காது, கேட்பாரும் இருக்க மாட்டார்கள். மீனவர் வீட்டுக்கு அதில் வரும் வருமானமும் பயந்து பயந்து வரும் வருமானம்தான்.

கடற்கரைக்கும் இதே கதை. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் ஏதோ ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டில் பள்ளம் கிடைத்த இடத்தில் அது ஆறுபோல உள்ளே இழுக்கும். பக்கத்தில் அலை உடைந்துகொண்டிருக்க, அந்த இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளோடு இறங்க நல்ல இடம் என்று அங்கேதான் இறங்குவார்கள். இழுப்பில் மாட்டியவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும், பிறகு அலையே கரை சேர்க்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர ஒரு பாடவேளை போதும்.

சென்னைக்குத் தெற்கே நிலைமை வேறு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் 2021இல் நீலக்கொடி பெற்றது. தமிழ்நாட்டில் அந்தச் சான்று பெற்ற முதல் கடற்கரை அது. உயிர்காப்பாளர், குளிக்க எல்லை கட்டிய பகுதி, உடைமாற்றும் அறை, சக்கர நாற்காலி போக வழி எல்லாம் இருக்கின்றன. வடக்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், சாம்பல், துறைமுகங்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் பரவியது. வடக்குக் கரை நகரத்துக்கு மின்சாரமும் சரக்கும் தருகிறது. தொழிற்பேட்டைகளில் உழைக்கும் குடும்பம் கால் நனைக்க அந்தக் கரையில் எஞ்சியிருப்பது பழவேற்காடு. அதற்கும் ஒரு காவலாள் இல்லை என்றால் அது அநீதி, வேறு சொல் இல்லை.

உழைப்பாளிகளின் ஓய்வுநாள் எங்கேயும் தானாகக் கிடைத்துவிடவில்லை. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்க அருகிலேயே மலைகள் இருந்தன. ஆனால் பணக்காரர்கள் பறவை வேட்டைக்கென்று அவற்றை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கிண்டர் ஸ்கவுட் மலைக்குள் தடையை மீறி நடந்தார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951இல் அந்த மலைப்பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. பிரான்சில் 1936ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. லியோ லாக்ராஞ்ச் என்ற இளம் அமைச்சர் குறைந்த கட்டண ரயில் டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்தார். அதற்கு முன் கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்தக் கோடையில் கடல் பார்த்தன. விடுமுறை கொடுத்தால் போதாது, போவதற்கு இடமும் வழியும் அமைத்துத்தர வேண்டும் என்று ஓர் அரசு அன்று புரிந்துகொண்டது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வைக் கட்டாயமாக்கியது. அந்த நாளை எங்கே கழிப்பது என்ற கேள்வியை நம் அரசுகள் இன்னும் கையில் எடுக்கவில்லை.

எடுக்கத் தெரியாதவர்களும் இல்லை. காணும் பொங்கல் அன்று மெரினாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலில் இறங்காமலிருக்கக் கட்டைகட்டித் தடுப்பு, கண்காணிப்புக் கோபுரம், குதிரைப் போலீஸ், ஆம்புலன்ஸ், காணாமல்போனால் கண்டுபிடிக்கப் பிள்ளைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை. லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் நாளை இப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மெரினாவில் செய்வதில் நூறில் ஒரு பங்கை ஞாயிறுதோறும் லைட்ஹவுஸ் குப்பத்தில் செய்தால் போதும்.

கேட்பது பெரிய காரியங்கள் இல்லை. பழவேற்காட்டுக் கடற்கரையில் குளிக்கத் தகுந்த இடத்துக்குக் கொடி நட்டு, கடலை நன்கு அறிந்த குப்பத்து இளைஞர்களுக்கே பயிற்சியும் சம்பளமும் கொடுத்து உயிர்காப்பாளர்களாக நிறுத்தலாம். முகத்துவாரத்துக்கு நெடுந்தொலைவில், அலையில்லாத ஏரிப்பகுதியில் மட்டும், ஆள் எண்ணிக்கைக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் கட்டுப்பட்ட படகுகளுக்கு மீனவர் சங்கங்களுக்கு உரிமம் தரலாம். ஏரியைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிரத் தெரிந்தவர்களுக்கு இதை முறைப்படுத்தத் தெரியாதா? கோனைகளுக்கு மேலே மலையில் மழைமானி வைத்து, அருவி இன்று திறந்திருக்கிறதா என்பதை ஊத்துக்கோட்டையிலேயே தமிழிலும் தெலுங்கிலும் பலகையில் எழுதிவைக்கலாம். கிருஷ்ணா நீரையும் பழவேற்காடு ஏரியையும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு அரசுகளுக்கு ஒரு பலகையைப் பகிர்வது முடியாத காரியம் இல்லை. பெரியபாளையத்திலும் பொன்னேரியிலும் ஆரணியாற்றுக்கு ஒழுங்கான படித்துறை கட்டினால், எல்லோரும் 200 கிலோமீட்டர் ஓட வேண்டிய தேவையே பாதி குறையும். பள்ளிகளில் நீச்சல் கற்றுத்தருவதை இந்த மாவட்டத்திலிருந்து தொடங்கலாம்.

இவை வரும்வரை, போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையில் மேகம் கறுத்திருந்தால் கோனைக்குள் போகாதீர்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ பாத்திரத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள். பழவேற்காட்டில் யார் எவ்வளவு குறைந்த காசுக்குக் கூப்பிட்டாலும் முகத்துவாரம் பார்க்கப் படகில் ஏறாதீர்கள். கடல் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.